தெரிந்ததைத் திரும்பிப் பார்ப்பதில்லை

லூர்துசெல்வி அக்காவுடன் நான் முதன்முதலில் பேசியது ஓர் எலியைப் பற்றித்தான். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கம்ப்யூட்டர் முன்னால் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்து, ஒரு வெள்ளை எலி பெட்டிக்குள் சுற்றிவருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுவிய தண்ணீர்ப் புட்டிகளைத் தட்டில் அடுக்கி எடுத்துப் போனவர் என் பின்னால் வந்து நின்றார்.

“காலையிலேர்ந்து இதே சீரியலா?”

சிரித்தேன். எலிக்கு ஞாபகம் இருக்கிறதா என்று பார்க்கிறோம் என்றேன். வாயில்லாத பிராணிக்கு ஞாபகம் இருக்கிறதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். நேற்று இந்தப் பெட்டியில் ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிப் புட்டிகளை வைத்து எலியை மோந்து பார்க்க விட்டோம், இன்றைக்கு ஒரு புட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பிளாஸ்டிக் கட்டை ஒன்றை வைத்திருக்கிறோம், எங்கே போகிறது பாருங்கள் என்றேன். திரையில் எலி நேராகக் கட்டையிடம் போனது. மீசையை ஆட்டி மோந்தது, முன்னங்காலை மேலே வைத்து ஏறிப் பார்த்தது, சுற்றிச் சுற்றி வந்தது. புட்டியை, ஏதோ சுவர் மூலை என்பதுபோல, உரசிக்கொண்டு தாண்டிப் போனது.

“புட்டிய சீந்தவே இல்லியே” என்றார்.

அது தெரிந்த பொருள், நேற்றே பார்த்துவிட்டது, அதனால் விட்டுவிட்டுப் புதியதிடம் போகிறது என்றேன். ஞாபகம் போன எலி என்ன செய்யும் என்று கேட்டார். அதற்கு இரண்டும் ஒன்றுதான், புட்டியையும் இன்றைக்குத்தான் பார்ப்பதுபோல் மோந்துகொண்டு நிற்கும் என்றேன். வீடியோ முடியும்வரை நின்று பார்த்தார்.

“அப்ப, பாக்காம போனா தெரிஞ்சிருக்குன்னு அர்த்தம்.”

“ஆமாக்கா.”

“உறுதியாவா?”

“அப்படித்தான் நாங்க கணக்கெடுக்கறோம்.”

தட்டை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் வீட்டைப் பற்றி அப்போது எனக்கு எதுவும் தெரியாது.

எங்கள் ஆய்வுக்கூடம் கடலூர் சாலையில், தவளக்குப்பத்தைத் தாண்டி இருக்கிறது. வயதானவர்களுக்கு வரும் மறதி நோய்க்கு ஒரு மருந்து பலன் தருமா என்று எலிகளிடம் பார்ப்பதுதான் வேலை. எலிகளை வைத்திருக்கும் கட்டடத்தை அனிமல் ஹவுஸ் என்போம். அக்கா அங்கே பல வருடமாகப் பராமரிப்பு வேலை பார்த்தார். கூண்டுக்கு உமி மாற்றுவது, தீனி போடுவது, புட்டி கழுவுவது. இவற்றோடு இன்னொரு வேலையும் அவருடையது. சோதனைக்குப் போகும் எலிகள் மனிதக் கைக்குப் பழகியிருக்க வேண்டும். பயந்த எலி மூலையில் ஒடுங்கிக்கொள்ளும், அதனிடமிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. ஆகையால் தினமும் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, முழங்கையின் உள்பக்கத்தில் விட்டு, தடவிக்கொடுத்துத் திரும்ப வைப்பார். மாதாவுக்கு உரிய பாட்டு ஏதாவது ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே செய்வார். எலிகளுக்கு வாசனை மாறக் கூடாது என்பதால் பவுடர், தைலம், பூ எதுவும் கூடாது. வழியில் வாங்கிய மல்லிகைச் சரத்தை வெளிக் கதவின் தாழ்ப்பாளில் மாட்டிவிட்டு உள்ளே வருவார், மாலையில் எடுத்து வைத்துக்கொள்வார். வாட்ச்மேன் அதைப் பார்த்து, “கதவுக்குக் கல்யாணமாம்மா?” என்பார். “உனக்குத்தான் ஆவல, அதுக்காவது ஆவட்டும்” என்று பதில் சொல்லிவிட்டு அக்கா உள்ளே போவார்.

அவருடைய அம்மா தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்றவர். பத்தாவதுவரை படித்துக்கொண்டே அம்மாவுக்கு மீன் ஆய்ந்து கொடுத்தவர் இவர். அதனாலோ என்னவோ, திறந்த உடம்பைப் பார்த்து அவர் முகம் சுளித்ததில்லை. சோதனை முடிந்த எலிகளை மயக்கம் கொடுத்துக் கொன்று மூளையை எடுக்கிற நாளில் பராமரிப்பு ஆட்களுக்கு விடுப்பு உண்டு. அக்கா எடுத்துக்கொள்வதில்லை. கூண்டுகளின்மேல் துணி போர்த்தித் தானே தூக்கிவருவார். தெரிந்த கை தூக்கினால் அவை கத்தாது என்பார்.

எங்கள் துறையில் கொல்வது என்ற சொல் புழங்குவதில்லை. ‘சாக்ரிஃபைஸ்’ என்போம். பலி என்றால் யாருக்காவது ஒப்புக்கொடுக்க வேண்டுமே, இது யாருக்கு என்று அக்கா ஒருமுறை கேட்டார். நோயாளிகளுக்கு என்றேன். “அப்ப சரி” என்றார்.

அந்த நோயாளிகளில் ஒருவர் அவர் வீட்டிலேயே இருந்தார் என்பது எனக்குச் சில மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது.

அவர் கணவர் ஜோசப் ஆனந்த் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். முத்தியால்பேட்டையில் எந்தச் சந்தில் எந்தப் பிள்ளை என்பது அவருக்கு அத்துப்படி. வீட்டுக்கு ஒரு விதமாக ஹார்ன் அடிப்பாராம். பிள்ளைகள் அவரை, பிரெஞ்சில் ஐயா என்பதுபோல, முசியே என்று கூப்பிடுவார்கள். ஒருநாள் மாலை எல்லாரையும் இறக்கிவிட்டு, கடைசியாக ஒரு யூ.கே.ஜி. பெண்ணோடு அதே நான்கு தெருக்களைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். கடைசியில் அந்தக் குழந்தைதான் கை காட்டி வழி சொல்லியிருக்கிறது. வீட்டுக்கு வந்து அதை அவரே வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தாராம். அக்காவும் சிரித்தாராம். அதற்கடுத்த வருடம் வேனை விற்றார்கள். பிறகு சாவி, பிறகு சட்டைப் பொத்தான், பிறகு பேச்சு என்று ஒவ்வொன்றாகப் போனது. மகள் ஜோவிதா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவளுடைய பெயர் போனபோது அக்கா அவளிடம் அதைச் சொல்லவில்லை. போனில் அவள் குரல் கேட்கும்போது அப்பா தூங்குகிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது ஒரு சந்தோஷத்தின் வழியாக. ஒரு திங்கட்கிழமை அக்கா முகம் தெளிந்து வந்தார். என்ன விசேஷம் என்று கேட்டேன்.

“நேத்து பூரா அவரு என் பக்கம் திரும்பவே இல்ல தீபா” என்றார்.

புரியாமல் பார்த்தேன். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். பகலில் கணவரைப் பார்த்துக்கொள்ள, அவருடன் பிறந்த மூத்தவர் வருகிறார். வீட்டில் எல்லாரும் சின்னப்பாப்பா என்றும் அக்கா மட்டும் அண்ணி என்றும் அழைக்கும் நாத்தனார். கணவர் இப்போது பேசுவதில்லை. யார் வந்தாலும், கேபிள்காரரோ ஜெபக் கூட்டத்துப் பெண்களோ, கண் கொட்டாமல் பார்க்கிறார். மனைவியை மட்டும் பார்ப்பதே இல்லை. சோறு ஊட்டினால் வாயைத் திறப்பார். கண் அவரைத் தாண்டி ஜன்னலுக்குப் போய்விடும். இது அக்காவைப் பல மாதமாக அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. நாத்தனார் வேறு, “ஊர்ல போறவள எல்லாம் பாக்கறான், கட்டினவள பாக்கல, நீ என்னா குறை வெச்சியோ” என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தச் சமயத்தில்தான் அக்கா என் திரையில் எலியைப் பார்த்தார்.

“தெரிஞ்சதை எதுக்குத் திரும்பிப் பாக்கணும்? நான் அவருக்குத் தெரிஞ்சவ. அதான்” என்றார். “ஒரு நாளாச்சும் என்னை உத்துப் பாத்தாருன்னா அன்னைக்குத்தான் நான் பயப்படணும்.”

நான் என்ன சொல்லியிருக்க முடியும்? எலிக்குப் புட்டியின்மேல் பாசம் இல்லை. மனிதர்களோ தெரிந்த முகத்தைத்தான் தேடிப் பார்க்கிறார்கள். பிறந்த குழந்தை முதலில் கற்றுக்கொள்வதே அதுதான். ஒரு பெட்டி, இரண்டு பொருட்கள், சில நிமிட நேரம், ஒரு கேள்வி என்று நாங்கள் எல்லாவற்றையும் குறுக்கிக்கொண்டால்தான் எலியிடம் பதில் கிடைக்கிறது. அந்தப் பதிலை அந்தப் பெட்டிக்கு வெளியே கொண்டுபோக எங்களுக்கே துணிச்சல் கிடையாது. இதையெல்லாம் சொல்லலாம்தான். ஆனால் அவர் அன்றைக்குப் பல நாள் கழித்து நன்றாகத் தூங்கி எழுந்தவர்போல் இருந்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

பிறகு ஒருநாள் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஒரே ஒரு அறையும் சமையலறையும். கணவர் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து, பவுடர் போட்டு, வெளுத்த சட்டை மாட்டிவிடப்பட்டிருந்தார். நான் உள்ளே போனதிலிருந்து என் முகத்தையே பார்த்தார். காபி தம்ளரை நான் தூக்கினால் தம்ளரோடு அவர் பார்வையும் ஏறியது. அக்கா அவர் முன்னால் குனிந்து வாயோரம் துடைத்தார், காலருக்குள் விரலை விட்டுச் சரிசெய்தார். அவர் கண் அக்காவின் தோள்மேல் வழியாக என்னிடமே இருந்தது.

“பாத்தியா? நீ புதுசு” என்றார் அக்கா என்னிடம். பரீட்சையில் தேறிய பிள்ளையின் தாய்போல இருந்தது அந்தக் குரல்.

நாத்தனார் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, “எலிக்கு வேலை செய்யப் போயி எம் தம்பியையும் எலி ஆக்கிட்டா இவ” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “ஏம்மா, ரெண்டு பாஷை படிச்ச பொண்ணுன்னு சொன்னா. ஒண்ணுலகூட வாயத் தொறக்கக் காணமே” என்றார். அக்கா அவரை அதட்டினார். எனக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது. அதற்குப் பதிலாகச் சிரித்தால் போதும் என்பதாலோ என்னவோ.

வாசல்வரை வந்தபோது அக்கா ஒன்று கேட்டார். மூளையை எடுத்து வெட்டிப் பார்க்கிறீர்களே, எலிக்குத் தெரிந்தது அதில் எங்கே இருக்கிறது? மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் அவருக்கு ஒரு கண்ணாடித் தகட்டைக் காட்டினேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். ஊதா நிறப் புள்ளிகள் வளைந்த வரிசையாக நிற்கும். நோயில் அந்த வரிசை ஆங்காங்கே மெலிந்துபோயிருக்கும். எவ்வளவு செத்தது, எவ்வளவு மிஞ்சியது என்று இதில் எண்ணலாம், மிஞ்சியது எதை ஞாபகம் வைத்திருந்தது என்று பார்க்க முடியாது என்றேன். புட்டியும் கட்டையும் இதில் இல்லையா என்று கேட்டார். இல்லை, அது எலி உயிரோடு நடந்து காட்டினால்தான் தெரியும் என்றேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து கொடுத்துத் தேறிய எலியா இது, தேறாததா என்றார். தேறியது என்றேன். தேறியதையும் கொன்றுதானே தேறியது என்று சொல்கிறீர்கள் என்றார். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. புரிந்துகொண்டதைச் சரிபார்க்கிற தொனிதான்.

கல்லறைத் திருநாள் கழிந்து மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் அது நடந்தது. காலையில் கஞ்சி ஊட்டும்போது கணவர் அக்காவைப் பார்த்தார். போகிற போக்கில் இல்லை. நெற்றியிலிருந்து மோவாய்வரை, பிறகு ஒரு பக்கக் காது, பிறகு மறுபக்கம். விரலை நீட்டிக் கம்மலைத் தொட்டார். கன்னத்தில் கை வைத்துத் தடவினார். அக்கா கரண்டியைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாராம். அவர் நகர்ந்தால் பார்வையும் நகர்ந்தது. சமையலறைக்குப் போனால் கதவைப் பார்த்தது.

நாத்தனார் தெருவுக்கே சொல்லிவிட்டார். ஆனந்து பொண்டாட்டியைப் பார்த்துவிட்டான், மாதா கண் திறந்துவிட்டாள் என்று. எதிர்வீட்டிலிருந்து கேசரி வந்தது. நாத்தனார் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றவைத்தார். வழியில் நிறுத்தி நிறுத்தி எல்லாரும் அக்காவின் தோளைத் தட்டினார்கள். அவர் எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு, அங்கிருந்து பஸ் பிடித்து வேலைக்கு வந்தார்.

அனிமல் ஹவுஸில் போய்ப் பார்த்தபோது, ஓர் எலியை முழங்கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பாட்டு இல்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

“புட்டிய மோந்த மாதிரி மோந்தாரு தீபா” என்றார்.

அன்றைக்கு வாயைத் திறந்தேன். மனிதர்கள் அப்படி இல்லை அக்கா, தெரிந்த முகம் என்பதால்தான் அவ்வளவு நேரம் பார்த்திருப்பார், பிடித்தவர்களைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள் என்றேன். எலிக் கணக்கு மனிதர்களுக்குப் பொருந்தாது, ஆய்வை நடத்தும் எங்கள் மேடத்தையே வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அவர் எலியைக் கூண்டில் விட்டு மூடியை அழுத்தினார்.

“அப்ப இத்தன மாசம் பாக்காம இருந்தாரே, அது என்னா?”

 பார்த்தால் தெரிந்திருக்கிறது என்றால், அந்த மாதங்களில் அக்கா யாரோ ஒருத்தியாகக் கணவருக்கு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பார்க்காவிட்டால்தான் தெரிந்திருக்கிறது என்றால், இன்றைக்கு யாரோ ஒருத்தி ஆகிவிட்டார். எந்தப் பக்கம் எடுத்தாலும் அவருக்கு மிஞ்சுவதாக ஒன்றும் இல்லை. அடுத்த கூண்டைத் திறந்து அடுத்த எலியை எடுத்தார். அன்றைய வேலையை முழுசாக முடித்துவிட்டுத்தான் போனார்.

அந்த வாரம் வியாழக்கிழமையே கணவருக்குக் காய்ச்சல் கண்டது. கஞ்சி புரையேறி நெஞ்சில் சளி கட்டியிருந்ததாக டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. சனிக்கிழமை போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை அடக்கத்துக்கு நான் போயிருந்தேன். மழையில் கல்லறைக்குப் போகும் பாதை சேறாகிக் கிடந்தது. அவர் வேனில் போய்வந்த பிள்ளைகள், இப்போது மீசை முளைத்தவர்களாக, பெட்டியைத் தூக்கினார்கள். நாத்தனார் வாய்விட்டு அழுதார். சாகிற வாரத்தில் பொண்டாட்டியை அடையாளம் கண்டுகொண்டு போனானே என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். கேட்டவர்கள் அக்காவுக்கு அது பெரிய ஆறுதல் என்று பேசிக்கொண்டார்கள். ஜோவிதா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்பா உன்னைப் பாத்தாராம்மா” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். “பாத்தாரு” என்று அக்கா ஒவ்வொரு தடவையும் சொன்னார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வேலைக்குத் திரும்பினார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். எலிகளைக் கைக்குப் பழக்குகிறார். வீடியோ ஓடும்போது என் பின்னால் வந்து நிற்பதில்லை. அந்த ஆய்வின் முடிவு நன்றாகவே வந்தது. மருந்து எடுத்த எலிகள் புட்டியைத் தாண்டிக் கட்டையிடம் போயின. மேடம் எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார். அக்கா தன் பங்கைக் காகிதத்தில் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அவர் என்னிடம் உதவி என்று எதையும் கேட்கிறவர் இல்லை. ஒரே ஒரு முறை கேட்டார். கணவருக்குக் காய்ச்சல் வருவதற்கு முந்தின நாள், தவளக்குப்பம் பஸ் நிறுத்தத்தில். மழை விட்டிருந்தது. இருவரும் ஒரு கடையின் தகரத்துக்கு அடியில் நின்றோம். சிதம்பரம் பஸ்கள் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டே இருந்தன, எங்கள் பக்கம் ஒன்றும் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு வேலை ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். வீட்டுக்கு வர முடியுமா என்றார். வருகிறேன் என்றேன். அவர் ரோட்டைப் பார்த்தபடியே பேசினார்.

“நான் பூசைக்குப் போயிடுவேன். அண்ணியையும் கூட்டிட்டுப் போயிடறேன். நீ உள்ள ஒரு ஓரமா உக்காந்துக்க. அவரு கிட்ட பேசாத, எதுவும் குடுக்காத. நான் இருக்கறப்ப அவரு எப்படிப் பாக்கறாருன்னு பாத்து பாத்து எனக்குப் போதும்னு ஆயிடுச்சி. நான் இல்லாதப்ப எப்படி இருக்காருன்னு எனக்கு எப்படித் தெரியும்? அண்ணி கிட்ட கேட்டா, ஒண்ணு என்னைக் குத்தறதுக்குச் சொல்லும், இல்ல பாவம்னு சொல்லும். நீ பாத்ததைத்தான் சொல்லுவ. நான் வெளிய போன பிறகு அவரு கதவைப் பாக்கறாரா, பாத்துட்டு விட்டுடறாரா, இல்ல எதையாச்சும் தேடற மாதிரி இருக்காரா, அதை மட்டும் பாத்து வெச்சிரு. வந்து கேக்கறேன். என்னா பாத்தியோ அதைச் சொல்லு தீபா. எனக்காக எதையும் கூட்டிச் சொல்லாத.”